இரண்டு நிமிடப் பதிவு

பதினெட்டு நாள் கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பி வந்த கிராபிக்ஸ் கார்டு சத்தமே போடவில்லை. அவனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கார்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்தி, பக்கத் தகட்டைத் திருகி மூடி, வேலையை ஓடவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது மணி மூன்று ஆகவில்லை. வெளியே நல்ல வெயில். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அறை முழுக்கப் பழுப்பு வெளிச்சமும், சூடான பிளாஸ்டிக்கோடு தூசி கலந்த வாடையும் தேங்கி நின்றன. கணினித் திரையின் மூலையில் கார்டின் வெப்ப அளவு நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டிருந்தது. விசிறிகள் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. அறையின் நான்கு சுவர்களும் ஆளுக்கு ஓரடி நகர்ந்து வந்து அவனைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கித் தருவது அவன் தொழில். இல்லாத ஜன்னல் வழியாக இல்லாத சோபாவின்மேல் விழும் வெயிலை அந்தக் கார்டு மணிக்கணக்கில் கணக்கிட்டு வரையும். வரையும்போது கத்தும். முதலில் வெறும் இரைச்சலாக இருந்தது, கடைசி மாதங்களில் நடு விசிறியின் பேரிங் தேய்ந்து, தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஆகிவிட்டது. அக்கா நன்றாக இருந்த காலத்தில் கேலி செய்வாள். "கல்யாணம் வேண்டாம் வேண்டாம்னியே, இப்பப் பாரு, உன் பொண்டாட்டி போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது."

பக்கவாதம் வந்து அவளுடைய வலது பக்கமும் பேச்சும் போன பிறகு கேலி நின்றது. இவன் மேசையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் கட்டில். நடுவில் ஒரு கதவு. இடது கையில் ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால் உடனே வா. கம்ப்யூட்டரின் சூட்டுக்காற்று நேராகச் சுவரில் அடித்ததால் மத்தியானங்களில் அவள் தலைமாடு கொதிக்கும், அதற்கும் மூன்றுதான். இவன் போய்க் கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டு வருவான். வேலை முடியும்போது மறுபடி ஒட்டிப் போடுவான், தட்டுவதற்குச் சுவர் எட்ட வேண்டுமே.

அவள் போன அன்று இவன் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தான். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய அக்கா மகனிடம், கார்டு போட்ட இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னான். மருமகன் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி மாமா," என்றான். வந்த டாக்டரும், பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த இரைச்சலை அறிந்தவர்கள். ஒருவரும் வேறெதுவும் கேட்கவில்லை. கார்டை வாரன்டிக்கு அனுப்பிவிட்டு, அது இல்லாத நாட்களை ஒரு நண்பனின் அலுவலக மூலையில் ஓட்டினான். ஆக, அந்த வீட்டில் அவன் சத்தமில்லாமல் உட்காரும் முதல் மத்தியானம் இதுதான்.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பதைத் தொட்டது.

டக், டக், டக்.

மெல்லத்தான் கேட்டது. மேசைக்குப் பின்னாலிருந்து. அவன் அசையாமல் இருந்தான். சற்று இடைவெளி விட்டு மறுபடி மூன்று.

சூடேறினால் தகடு விரியும், விரியும்போது தட்டும். எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவன் வேலையை நிறுத்தினான். எண்பது எழுபதாக இறங்கியது, சத்தம் நின்றது. சூடு ஏறினால் வருகிறது, இறங்கினால் போகிறது. கார்டுதான். கார்டைத் தவிர வேறென்ன?

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எழுபத்தைந்திலேயே ஆரம்பித்தது. அவன் பக்கத் தகட்டைக் கழற்றினான், கார்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தான். சுட்டது, ஆனால் எந்த அதிர்வும் இல்லை. காதைக் கொண்டுபோனான். சத்தம் அருகில் வருவதற்குப் பதிலாகக் கழுத்துக்குப் பின்னால் போனது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி அரைமணி நேரம் வேலை செய்தான். ஹெட்போனைக் கழற்றியபோது அது பொறுமையாகத் தட்டிக்கொண்டேயிருந்தது. எத்தனை நேரமாகவோ.

நான்காம் நாள் கார்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரிலேயே போனான்.

சர்வீஸ் சென்டர் ஒரு வணிக வளாகத்தின் மாடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. கவுண்டருக்குப் பின்னால் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஒல்லியான மனிதர் இவனுடைய புகார் எண்ணைத் தட்டிப் பார்த்தார். விசிறி மூன்றும் புதிது, சூட்டைக் கடத்தும் பசையும் மாற்றியாயிற்று, இனிச் சுவர்க்கடிகாரம்கூட இதைவிட அதிகமாகச் சத்தம் போடும் என்றார். இவன் தட்டும் சத்தத்தைப் பற்றிச் சொன்னான். கார்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அவர் கைப்பட எழுதித் தந்தால் போதும், பழுதைக்கூடச் சரிசெய்ய வேண்டாம் என்றான். அவர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார். அப்படி ஒரு கோரிக்கையை அவர் இதுவரை கேட்டதில்லை போலும்.

"மூணு மூணா வருமா சார்?"

இவன் தலை தானாக ஆடியது.

"அது உங்க பழைய வீடியோலயே இருக்கே."

வாரன்டிக்கு விண்ணப்பிக்கும்போது, பழுதான சத்தத்தை இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அறையில் வேறு ஒலி இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இவனும் அனுப்பியிருந்தான். பேரிங்கைத் தனியாகக் கேட்பதற்காக அவர்கள் விசிறி இரைச்சலை வடிகட்டிவிடுவார்களாம். எஞ்சியதை அந்த மனிதர் சேமித்து வைத்திருந்தார். ஹெட்போனை இவன் பக்கம் நீட்டினார்.

முதலில் ஆழமான தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு மௌனம். பிறகு, தெளிவாக, மூன்று தட்டு. மறுபடி மூன்று. இந்த முறை அவசரமாக. அதற்குப் பிறகு ஒரு ஆணின் குரல். சலிப்போடு, பல்லுக்கு நடுவிலிருந்து.

*இரு அக்கா, ரெண்டு நிமிஷம்.*

தட்டல் நின்றது. மிச்சப் பதிவு முழுவதும் பேரிங்கின் மெல்லிய உரசல் மட்டும்.

"நீங்க பதில்கூடச் சொல்றீங்க," என்றார் கண்ணாடிக்காரர், சாதாரணமாக. "அதனாலதான் கேக்குறேன். அது கார்டு சத்தம்தானா?"

கார்டுதான் என்று இவன் சொன்னான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோதித்துவிட்டு நாளை மத்தியானம் போனில் சொல்வதாக அவர் கார்டை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பதிவை எடுத்த நாள், மறந்துபோகும் என்று அவன் நினைத்த நாள். பதிவு முடிந்ததும் அவன் எழுந்திருக்கத்தான் இருந்தான். வீடியோ இணையத்தில் ஏற ஆரம்பித்தது. விண்ணப்பத்தில் கார்டின் வரிசை எண் கேட்டார்கள், வாங்கிய ரசீது கேட்டார்கள், ரசீதை இழுப்பறைகளில் தேடினான். எல்லாம் முடிய நாற்பது நிமிடம். அதன் பிறகு அவள் தட்டவேயில்லை என்பது அப்போது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. கதவைத் திறந்தபோது அவள் கட்டிலில் இல்லை. ஒற்றைக் கையை ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு தரையோடு தரையாக வந்திருந்தாள். கதவுக்கும் அவளுடைய கரண்டிக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருந்தது.

கட்டிலை அந்த வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டான். கரண்டி அவளோடு போய்விட்டது. அதை மருமகன்தான் அவள் கையில் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தபோது அவன் மேசைமுன் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. பிளக்கையும் பிடுங்கிப் போட்டிருந்தான். பெட்டியின் பக்கம் திறந்து, கார்டு இருந்த இடம் பல் பிடுங்கிய வாய்போல் காலியாகக் கிடந்தது. வீட்டில் ஓடுகிற பொருள் எதுவுமில்லை. தெருவிலும் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமில்லை. தன்னுடைய மூச்சே மூக்கு நுனியில் மோதித் திரும்புவது அவனுக்குக் கேட்டது.

கண்ணாடிக்காரர், காலையிலிருந்து ஓடவிட்டிருப்பதாகச் சொன்னார். "எண்பத்தஞ்சு வரைக்கும் ஏத்திட்டேன் சார். ஒரு சத்தமும் இல்ல."

"நல்லாக் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். காதைக் கார்டு மேலயே வச்சிருக்கேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சார், இருங்க இருங்க. இப்பக் கேக்குது."

அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அத்தனை நாள் கழித்து முதல்முறையாகத் தோள்கள் இறங்கின. "அதான் சொன்னேனே," என்றான். "கார்டுதான். எழுதிக் குடுத்துடுங்க. நான் இப்பவே வர்றேன்."



"இங்க இல்ல சார். உங்க போன்லதான் கேக்குது. உங்க பக்கம்."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

டக், டக், டக்.

சுவரில் கை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான். காய்ச்சல் அடிக்கும் நெற்றிபோல் சுட்டது.

டக், டக், டக்.

"வீட்ல யாரோ கூப்பிடுறாங்க போல," என்றது போன், மேசைமேலிருந்து சன்னமாக. "போய்ப் பாத்துட்டு வாங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

தட்டல் வேகமெடுத்தது. இடைவெளியே இல்லாமல். சுவரின் சுண்ணாம்பு பொடிப்பொடியாக மேசைமேல் உதிர்ந்தது. அவன் காதுகளைப் பொத்திக்கொண்டான், பொத்திய கைகளுக்குள்ளேயும் அது கேட்டது, அவன் வாய் தன்பாட்டுக்குத் திறந்து, இரண்டு வருடப் பழக்கத்தில் ஊறிய அதே சொற்களை, அதே சலிப்போடு, பல்லுக்கு நடுவிலிருந்து சொல்லிவிட்டது.

"இரு அக்கா, ரெண்டு நிமிஷம்."

நின்றது.

சட்டென்று. சொன்ன பேச்சுக் கேட்பவள்போல்.

அவன் போனைப் பார்த்தான். பேசும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம், பத்து வினாடி. எழுந்து ஓடலாம். ஓட வேண்டுமென்றால் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஓட வேண்டும். ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே வெயில் ஒரு துளியும் குறையவில்லை. திரைச்சீலை அசையவில்லை. ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது.

ஆறு நிமிடம், பத்து.

"சார்?" என்றார் கண்ணாடிக்காரர். "என்னமோ இழுக்குற மாதிரி ஒரு சத்தம். நீங்கதானா?"

அது அவன் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், காலியான அறையின் தரையில் கனமான ஒன்று ஒரு முழம் நகர்ந்தது. ஓய்ந்தது. மூச்சு வாங்கிற்று. இன்னொரு முழம். சுவர்ப்பக்கத்திலிருந்து நடு அறைக்கு. நடு அறையிலிருந்து இந்தப் பக்கமாக. அன்றைக்கு எதுவரை வந்ததோ அதுவரை.

அங்கே நிற்கவில்லை.

ஒரு சாண் தூரமும் முடிந்தது.

கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இருண்டது. அந்த இருட்டிலிருந்து எவர்சில்வர் கரண்டியின் நுனி மெல்ல இந்தப் பக்கம் நீண்டு, தரையில் ஒரே ஒரு முறை, தண்ணீர் கேட்பதுபோல், தட்டியது. பிறகு அங்கேயே கிடந்தது. தம்பிக்கு வேலை முடியட்டும் என்று.