சும்மா கிடைத்த புல்லட்

அந்தக் கொட்டகையை இருபத்தைந்து வருடமாக யாரும் திறக்கவில்லை. கதவைத் தோளால் நெட்டித் தள்ளியதும் வௌவால் நெடி முகத்தில் அடித்தது. நல்லுசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். கிழிந்த கோணிகளுக்குப் பின்னால், ஒட்டடை மூடி, அந்தப் புல்லட் மோட்டார் சைக்கிள் நின்றது.

"எடுத்துட்டுப் போப்பா. ஒண்ணும் தர வேணாம்," என்றார் வீட்டுக்காரர். இறந்துபோன மிராசுதாரரின் மகன் அவர். திருச்சியில் இருப்பவர், கீழப்பழுவூர்ப் பக்கமிருந்த அந்தக் கிராமத்து வீட்டை விற்கக் காலி செய்துகொண்டிருந்தார். வெயிலிலேயே நின்றார். கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

மிராசுதாரர் ஓட்டிய அந்த வண்டியின் சத்தம் நல்லுசாமிக்குச் சிறுவயதிலேயே பழக்கம். அந்தக் கிராமத்துத் தெருவில் அது தூரத்தில் கேட்டதுமே அவனுடைய அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். சைக்கிளைப் பள்ளத்தில் சாய்த்து, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டி கடந்து புழுதி அடங்கும்வரை நிற்பார். இப்போது நல்லுசாமி பெரம்பலூர் டெலிபோன் ஆபீஸில் லைன்மேன். அதே தெருவில், அதே வண்டியை, மெதுவாக ஒருமுறை ஓட்டிப் போக வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை. மனைவி பிரவீணாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அது 2004, சித்திரை மாதம்.

துறைமங்கலத்தில் வீட்டை ஒட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வண்டியை இறக்கினான். மோட்டார் வேலையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த லப்பைக்குடிக்காட்டு நஜீமுதீன் பாய் வந்து சுற்றிப் பார்த்தார்.

"எஞ்சின் இறுகிக் கெடக்கு. பாத்துக்கலாம். எதக் கழட்டுனாலும் கழட்டுன வரிசையில பேப்பர்ல பரப்பி வைங்க தம்பி. அவசரம் வேணாம். இன்ஷா அல்லாஹ், ஆடிக்குள்ள ஓடிரும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு போல்ட்டின் தலையைத் திருகி உடைத்தான். இரண்டாவது வாரம் எங்கிருந்தோ ஒரு ஸ்பிரிங் தெறித்துப் போய், அதைத் தேடுவதிலேயே பொழுது போனது. ஆனாலும் துருவைத் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து பச்சை பெயிண்ட் எட்டிப் பார்த்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது ஞாயிறு, உச்சிவேளையில் பெட்ரோல் டேங்கைத் தூக்கினான். காய்ந்துபோன டேங்க். பெட்ரோல் வாடைதான் வர வேண்டும்.

முந்திரிக்கொட்டை சுடும் வாடை வந்தது.

தொண்டையைக் கரிக்கும் அந்தக் காட்டமான புகை நெடி. வெளியே வந்து பார்த்தான். அக்கம்பக்கத்தில் எங்கும் அடுப்பு புகையவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை.

"யாருடா வந்திருக்கா?" உள்ளேயிருந்து அம்மா முத்தாயி கேட்டாள். அவளுக்குக் கண் பாதி போய்விட்டது.

"யாரும் இல்லம்மா."

"கொலுசுச் சத்தம் கேட்டுச்சேடா."

பிரவீணா ஜெயங்கொண்டத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அந்தக் குடும்பத்தில் கொலுசு போடுகிறவர்கள் யாரும் இல்லை. போட்டிருந்தவள் ஒருத்திதான். நல்லுசாமியின் அக்கா தையல்நாயகி.

பத்தொன்பது வயதில், முந்திரி உடைக்கும் வேலைக்குப் போனவள் ஒருநாள் திரும்பவில்லை. எவனோடோ கும்பகோணம் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக மிராசுதாரரின் ஆட்கள் வந்து சொன்னார்கள். அப்பா அதன்பின் தெருவில் தலை நிமிரவில்லை. அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். அம்மா மகளின் பாவாடை தாவணியை வாசலில் போட்டுக் கொளுத்தினாள். அன்றிலிருந்து நாள் தவறாமல் விளக்கு வைக்கும் நேரத்தில் சாபம்தான். "புருசனக் கொன்ன பாவி. எங்க இருக்காளோ, புழுத்துச் சாவட்டும்." நல்லுசாமியும் சேர்ந்துதான் வெறுத்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயரே 'ஓடிப்போனவ தம்பி'தான்.

நான்காவது ஞாயிறு பின்சக்கரத்துக்கு வந்தான். அச்சு துருவேறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலை ஓங்கி அடித்தான்.

"மெதுவாடா."

பின்கழுத்துக்குப் பக்கத்தில், மூச்சுக்காற்று படும்படி.

திரும்பினான். கொட்டகையில் யாரும் இல்லை. உள்ளே அம்மாவின் குறட்டைச் சத்தம் கேட்டது.

ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியின் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. துருவேறி இறுகியிருந்த சக்கரம். பின்பக்கமாக, மெல்ல, ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஏதோ உள்ளே சிக்கி இழுபட்டு, 'சல்' என்று ஒரு சத்தம்.

நின்றது.

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். அச்சை உருவினான். சக்கரத்துக்கும் செயின் பல்சக்கரத்துக்கும் இடையில், கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாகிப்போன கட்டி ஒன்று. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். முதலில் மஞ்சள் தாவணித் துண்டு வந்தது. பிறகு முடி. ஒரு முழ நீளம், கயிறாய் முறுக்கேறிய கருமுடி. அதற்குள் ஒரு கொலுசு.

கொலுசின் அறுந்த கண்ணி செம்புக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. மூன்று சுற்று, கடைசியில் ஒரு கோணல் முடிச்சு. அந்த முடிச்சைப் போட்டவன் அவன்தான். ஒன்பது வயதில், பழைய டைனமோவிலிருந்து கம்பி உருவி அக்காவுக்குக் கட்டிக் கொடுத்தது. "நீ பெரிய மெக்கானிக்குடா," என்று அவள் தலையில் தட்டியிருந்தாள்.

மறுநாளே திருச்சிக்குப் போனான். மிராசுதாரரின் மகன் கொலுசைப் பார்த்தார். தொடவில்லை. 

"அப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தாரு. அந்தப் பொண்ண வழியில மறிச்சாரு. அது கத்திக்கிட்டு ஓடுச்சு. வண்டியிலயே வெரட்டியிருக்காரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"எங்க பொதைச்சீங்க?"

"முந்திரிக்காட்டுல. அது இப்ப எங்ககிட்ட இல்லப்பா. சுண்ணாம்புக்கல்லு தோண்டுறவங்களுக்கு வித்தாச்சு. அறுபது அடி தோண்டிட்டாங்க. அந்த மண்ணு எந்தப் பக்கம் போச்சோ."

நல்லுசாமி கொலுசை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

"அதான் வண்டியச் சும்மா குடுத்தேன்ல," என்றார் அவர்.

பின்னர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனான். செத்தவர் மேல் கேஸ் இல்லை, உடம்பு இல்லை, அந்தக் காலத்தில் புகாரும் இல்லை என்று டீ குடித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாவிடம் சொல்லத்தான் மூன்று நாளானது. கொலுசை அவள் மடியில் வைத்தான். முத்தாயி விரலால் தடவித் தடவி அந்த முடிச்சைக் கண்டுபிடித்தாள்.

"ஓடலயாடா?"

"இல்லம்மா."

"எம்புள்ள ஓடலயா?"

அவள் அழவில்லை. தாய் வீட்டிலிருந்து திரும்பியிருந்த பிரவீணாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்று விளக்கு வைக்கும் நேரம் வந்தது. வழக்கப்படி வாயைத் திறந்தாள் கிழவி. திறந்த வாய் அப்படியே நின்றது. இருபத்தைந்து வருடம் சொன்னதைத் தவிர மகளைப் பற்றிச் சொல்ல அவளிடம் வேறு சொல் இல்லை.

நஜீமுதீன் பாய் பேப்பரில் வரிசையாகப் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இத மாட்ட வேணாம் தம்பி. மாட்டுனாலும் நீங்க ஓட்ட மாட்டீங்க." அவரே ஒரு மினி வேன் பிடித்துக் கொடுத்தார். அரியலூரைத் தாண்டி, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டான். சட்டம், எஞ்சின், சக்கரம். பச்சைத் தண்ணீரில் விழுந்து மூழ்கின. முடியையும் தாவணித் துண்டையும் எரித்துச் சாம்பலைக் கரைத்தான். கொலுசை அம்மா தரவில்லை.

அந்தத் தெருவில் அவன் வண்டி ஓட்டவே இல்லை.

வீடு அடங்கியது. வாடை இல்லை, சத்தம் இல்லை. முத்தாயி மட்டும் தினமும் உச்சிவேளையில் தட்டுத்தடுமாறிக் காலிக் கொட்டகைக்குப் போவாள். வெறும் தரையைப் பார்த்து, "வாடி தையலு. ஒரு தடவ வந்துட்டுப் போடி," என்பாள். ஒன்றும் வராது.

மறு வருடம் ரேஷன் கார்டுக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஒரு காலையில், கையில் படிவக் கட்டோடு ஓர் இளம்பெண் வந்தாள். முத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து மத்தியானமே எழுதிட்டேன் சார். கையெழுத்து மட்டும் பாக்கி. மொத்தம் நாலு பேருதானே?"

"மூணு பேரும்மா. நேத்து நாங்க யாருமே இல்லியே. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். வீடு பூட்டியிருந்துச்சு."

"கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஒரு பொண்ணு வந்து எல்லாம் சொல்லுச்சே." படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். "தையல்நாயகி, வயசு பத்தொம்பது."

பிரவீணா நல்லுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்தாயி சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

அந்தப் பெண் விரலால் படிவத்தில் தேடினாள்.

"அப்பா பேரு சொல்லுச்சு. அம்மா பேரு கேட்டேன், தலையக் குனிஞ்சுக்கிச்சு. அப்பறம் 'எனக்கு அம்மா இல்ல'ன்னுருச்சு. அதான் அந்த எடத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"திருத்தாத தாயி," என்றாள் முத்தாயி. "அப்படியே இருக்கட்டும்."