ஷம்லா கடித்த பாண்

குறிஞ்சிப்பிட்டியில் வாகனம் திருத்தக் கொடுக்கிறவர்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்காமல் போவதில்லை. உசனாரிடம் கொடுக்கிறவர்கள் இரண்டு தரம் கேட்பார்கள். பழசைத் துடைத்துப் புதுசென்று பூட்டிவிடுவான் என்றொரு கதை அவனைப் பற்றி இருந்தது. முழுப் பொய்யென்று சொல்லவும் முடியாது. கண்டக்குழிக் கருவாட்டு வியாபாரி அத்தாஉல்லா மட்டும், வேனை கராஜில் விட்டுச் சாவியை நீட்டியபோது வேறு மாதிரிச் சொன்னார்.

“தம்பி, கழட்டுற பழசு எனக்கு வேணாம். காட்டவும் வேணாம்.”

உசனாருக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. கிளச்சை மிதித்தால் வேன் கத்துகிறது, விட்டால் கத்தல் நிற்கிறது. கற்பிட்டியில் ஒருவரும் அதைத் தொடவில்லையாம். ஏனென்று அவன் கேட்கவில்லை. எஞ்சின் தண்டின் நுனிக் குழிக்குள் இருக்கும் சின்ன வளையம், பைலட் பெயாரிங், தேய்ந்துவிட்டது; அவ்வளவுதான். அதோடு, மனைவி ஷம்லாவுக்கு மாதம் நிறைந்திருந்தது; இன்றோ நாளையோ அவன் வாப்பா ஆகிவிடுவான். வேலை முடிந்ததும் அவளை அந்த வேனிலேயே புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அத்தாஉல்லா சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்தில் வேறு வாகனம் இல்லாமலில்லை. ஆனால் ஹயர் காசு கொடுப்பதென்றால் உசனாருக்கு உயிர் போகும்.

கியர்பொக்ஸை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு வலி தொடங்கியது. தாங்கலாம், நீங்கள் முடியுங்கள் என்று கராஜுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள்ளேயிருந்து சொன்னாள்.

வளையம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதன் பின்னால் கிறீஸை அடைத்து, துளைக்குச் சரியான கம்பியை வைத்து அடித்தால், போக வழியில்லாத கிறீஸ் வளையத்தை வெளியே தள்ளிவிடும். உசனார் கிறீஸ் டின் திறக்கிற ஆளா? ஈரமான பேக்கரிப் பாணும் அதே வேலையைச் செய்யும். குசினியில் ஷம்லா தின்னத் தொடங்கி, வலி வந்ததும் வைத்துவிட்டுப் போன பாண் கிடந்தது. நிலத்தில் விழுந்த துண்டைக்கூட எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கிறவள் அவள். ஒருவருக்கு உண்ணக் கொடுக்கும்போது பிஸ்மி சொல்லாவிட்டால் ஷைத்தானும் சேர்ந்து தின்னும் என்பாள். இது யாருக்கும் கொடுக்கிற சாப்பாடு இல்லையே என்று உசனார் பிஸ்மி சொல்லாமலே எடுத்துக்கொண்டு போனான்.

அந்தி மஃரிப் பாங்கு முடிந்து, களப்புப் பக்கமிருந்து வந்த உப்புக்காற்று கராஜ் தகரத்தைத் தடவிக்கொண்டிருந்த நேரம், வேனின் அடியில் மல்லாந்து படுத்து, கருவாட்டு மணமும் எரிந்த கிளச்சின் மணமும் மூக்கை அடைக்க, டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி பாணைப் பிய்த்துப் பிய்த்துக் குழிக்குள் திணித்தான். கம்பியை வைத்து அடித்தான். தொப். மறுபடி திணித்து, மறுபடி அடித்தான். ஒரு கைப்பிடி போதும், வளையம் நகரத் தொடங்கிவிடும். இங்கே பாதிப் பாண் போயும் வளையம் அசையவில்லை. கம்பியை எடுக்கும்போதெல்லாம் குழி காலியாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு உள்ளே மெல்லிதாக ஏதோ இழுபட்டது, உறிஞ்சுகிற மாதிரி. காற்றுத்தான் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டே விரலை விட்டுப் பார்த்தான்.

குழி சூடாக இருந்தது. எஞ்சின் காலையிலிருந்து நின்றிருக்கிறது.

வீட்டுக்குள் ஷம்லா முனகினாள். அவன் அடித்தான். அவள் முனகினாள். அடியும் முனகலும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் கவனித்தபோது அவனுடைய கை நின்றது. முனகலும் நின்றது.

வளையம் வந்தால்தான் வேன் ஓடும். வேன் ஓடினால்தான் ஆஸ்பத்திரி.

கடைசித் துண்டு மிஞ்சியிருந்தது. அவள் கடித்த துண்டு. பல்லடையாளம் அப்படியே இருந்தது. எச்சில்கூட இன்னும் காயவில்லை.

திணித்தான்.

கம்பியை எடுக்கவில்லை. அடிக்கவும் இல்லை. வளையம் தானாக நகர்ந்தது. மெதுவாக. கடைவாயிலிருந்து எலும்பைத் துப்புகிற மாதிரி, அவன் உள்ளங்கையில் விழுந்தது. சூடு. ஈரம். பின்னால் பாண் வரவில்லை. டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தான். ஒரு துணுக்கும் இல்லை. துருவும் இல்லை. நக்கியெடுத்த சட்டிபோல் சுத்தமாக இருந்தது.

அத்தாஉல்லா ஏன் பழசைப் பார்க்க மறுத்தார் என்று அப்போதுதான் யோசித்தான். யோசிக்க நேரமில்லை. புதுசைப் பூட்டி, கியர்பொக்ஸை ஏற்றி, வேலையை முடித்தான்.

அவன் கூப்பிடவில்லை. ஷம்லா தானாக நடந்து வந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, ஒரு வலியும் இல்லாதவள்போல. பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தாள்.

“வலி?”

“போயிட்டு. பசிதான் இருக்கு.”

கிளச்சை மிதித்தான். எஞ்சின் சத்தமில்லாமல் எடுத்தது. கத்தல் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டு, ரோட்டுக்கு ஏறி, கியர் மாற்ற மறுபடி மிதித்தான்.

கத்தியது.

காலடியில் அல்ல. பின்னால்.

காலை எடுத்தான். நின்றது. மிதித்தான். மெல்லிய, கூரான, இரும்பு இரும்பைத் தின்னுகிற சத்தம், ஷம்லாவின் மடியிலிருந்து, சீலையின் அடியிலிருந்து, வயிற்றுக்குள்ளிருந்து. காலை எடுத்தான். நின்றது.

“ஷம்லா?”

“நீங்க தந்த பாண் நல்லா இருந்துச்சி.”

அவன் அவளுக்குப் பாண் தரவில்லை.

அதற்குப் பிறகு அவன் கியர் மாற்றவில்லை. வெங்காயத் தோட்டங்கள், மின்காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள், ஆளில்லாத உப்பளம். ஒரே கியரில் எல்லாவற்றையும் கடந்தான். பாலாவிச் சந்தி தெரிந்தது. குறுக்கே லொறிகள். நிறுத்தவேண்டும். நிறுத்த, மிதிக்கவேண்டும். கால் கிளச்சின் மேல் நின்றது. தொடவில்லை.

“மிதிங்க.”

எதிரே வந்த லொறியின் வெளிச்சம் பின்பார்க்கும் கண்ணாடியில் விழுந்தது. ஷம்லாவின் வாய் மூடியிருந்தது. உதட்டோரம் கறுப்புக் கிறீஸ். கன்னம் அசைந்தது. அவள் மென்றுகொண்டிருந்தாள்.

“மிதிங்க வாப்பா,” என்றது மறுபடி, அவள் மடியிலிருந்து.