மேற்படி

காலை எட்டு மணி ஆனதும் தென்பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகத்தின் கர்ப்பிணிப் பெண்கள் ஆளுக்கொரு தலையணையும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கொண்டு, கதிரியக்க மூலங்கள் வைக்கும் அறைக்குப் படுக்கப் போவார்கள்.

செவ்வாயில் இது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. கீழே போகும் லிஃப்டின் கதவில் மூவிதழ்ச் சின்னமும் 'அபாயம், நுழையாதே' என்ற வாசகமும் இருந்தன. அதற்குக் கீழே யாரோ 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டில் இரண்டாவதற்குத்தான் மதிப்பு இருந்தது.

அறையின் சாவி சங்கரவடிவிடம் இருந்தது. அவள்தான் பல்கலைக்கழகத்தின் மூலக் காப்பாளர். இயற்பியல் படித்தவள். ஒரே நேரத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் காது சிவந்துவிடும். வரிசையில் முதல் ஆளாக வருவது அவளுடைய அண்ணன் மனைவி செல்லக்கனி. ஆறு மாதம். செவ்வாய்க்கு முதலில் வந்த திருநெல்வேலிக்காரர்களின் பேச்சு ஆறு தலைமுறை தாண்டியும் அவள் வாயில் கெடாமல் இருந்தது.

"என்னட்டி வடிவு, ஒன் மூலம் இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்த வார்த்தைக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பொருளைப் பூமியோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று வடிவு தினமும் நினைப்பாள்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் பூமியில் எழுதப்பட்ட ஒரு சட்டம். கதிரியக்க மூலம் எதுவானாலும் மனிதர்களிடமிருந்து பன்னிரண்டு மீட்டர் மண்ணுக்குக் கீழே, ஈயச் சுவருக்குள் இருக்க வேண்டும் என்றது அது. மனிதர்கள் எங்கே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதலில் வந்தவர்கள் படுத்தபடியே வானம் பார்க்க ஆசைப்பட்டார்கள். கண்ணாடிக் குவிமாடங்கள் கட்டிக் குடியேறினார்கள். செவ்வாயின் மெல்லிய காற்று விண்கதிர்களைத் தடுப்பதில்லை. அவை பகலும் இரவும் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு மழைத்தூறலாய் இறங்கின.

ஒவ்வொருவர் வலது கட்டைவிரலிலும் பதித்திருந்த கதிர்நகம் அந்தத் தூறலைக் கணக்கிட்டது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், கடைசியில் கோவைப்பழச் சிவப்பு. கர்ப்பிணியின் நகம் சிவந்தால் அவளைப் பூமிக்குக் கப்பலேற்றி விடுவார்கள். கப்பலில் ஏழு மாதம் வெட்டவெளி வானம். அதில் போய்ச் சேர்வதற்குள் நகம் என்ன, கையே சிவந்துவிடும். செல்லக்கனியின் நகம் இப்போது நல்ல மஞ்சள். இன்னும் ஒரு சாயல் ஏறினால் கப்பல்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அந்த அறையின் பெருமையைக் கண்டுபிடித்தவர் வடிவுக்கு முன்பு காப்பாளராக இருந்த அருளானந்தம். இருபத்திரண்டு வருடம் கதிரியக்க மூலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற அன்று பார்த்தால், குடியிருப்பிலேயே வெள்ளையான நகம் அவருடையது.

அறையின் நடுவே ஈய அண்டா போல ஒரு காமா கலம் இருந்தது. அதற்குள் கோபால்ட் என்ற கதிரியக்க உலோகம். நூற்று ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன் பூமியிலிருந்து வந்தபோது, பக்கத்தில் நின்றவரைச் சில நிமிடத்தில் சாய்க்கும் வீரியம் அதற்கு. ஆனால் கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். இதுவரை முப்பது முறை பாதியாகிவிட்டது. முப்பது தலைமுறை இரண்டிரண்டு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்த நிலம் மாதிரி, நூறு கோடியில் ஒரு பங்குதான் மிச்சம். பட்டா இருந்தது, நிலம் இல்லை.

பட்டா என்பது பதிவேடு. திங்கட்கிழமைதோறும் மூலத்தின் வீரியத்தை அளந்து அதில் எழுத வேண்டும். முதல் காப்பாளர் முதல் வாரம் உருண்டை உருண்டையான எழுத்தில் 'நூற்றைம்பது டெராபெக்கரல்' என்று எழுதியிருந்தார். இரண்டாம் வாரம் 'மேற்படி' என்று எழுதினார். ஒரு வாரத்தில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது என்பது உண்மைதான். மூன்றாம் வாரமும் மேற்படி. அதற்குப் பின் எட்டாயிரத்துச் சொச்சம் வரிகள், ஆறு காப்பாளர்கள், எல்லாம் மேற்படி. ஒருவர் 'மே' என்று சுருக்கியிருந்தார். ஒருவர் இரண்டு புள்ளி மட்டும் வைத்திருந்தார். அருளானந்தம் தன் கடைசித் திங்கட்கிழமை 'மேற்படி, நன்றி, வணக்கம்' என்று எழுதியிருந்தார்.

வடிவுக்கும் வேறு வழியில்லை. உண்மையை எழுதினால் மூலம் செத்துவிட்டது என்றாகும். செத்த மூலத்துக்கு அறை எதற்கு? பழைய விடைத்தாள்களைப் பத்திரமாக வைக்க அந்த அறைதான் வேண்டும் என்று பதிவாளர் ஆறு முறை கடிதம் போட்டிருந்தார். எனவே கோபால்ட் தாளில் உயிரோடு இருந்தது, பெண்கள் அதன் நிழலில் படுத்திருந்தார்கள்.

அப்போதுதான் தணிக்கை என்று தகவல் வந்தது.

தணிக்கை புதிதில்லை. இதற்கு முன் வந்த மனிதத் தணிக்கையாளர்கள் லிஃப்ட் கதவு வரை வருவார்கள். சின்னத்தைப் பார்ப்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஞாபகம் வரும். மேலேயே வடை சாப்பிட்டுவிட்டு, 'அனைத்தும் மேற்படி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை கோள்களிடைக் கதிர்க்காப்பு மன்றம் தணிக்கைப் பொறியன் என்ற இயந்திரம் ஒன்றை அனுப்பியது. அதற்குப் பயம் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, வடையும் இறங்காது.

துறைத்தலைவர் தனுஷ்கோடி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். கீழே படுக்கும் பத்துப் பெண்களுக்கும் வெள்ளைக் கோட்டு மாட்டி ஆராய்ச்சி மாணவியர் என்று சொல்லிவிடலாம். கோட்டு பொத்தான் பூட்டாதே என்று வடிவு தயங்கினாள். செல்லக்கனிக்கு யோசனை பிடித்துவிட்டது.

"ஒங்க துறையிலயே பத்து மாசத்துல ஒழுங்கா முடியுற ஆராய்ச்சி எங்களதுதான் சார்" என்றாள். தனுஷ்கோடியின் மாணவர்களில் மூத்தவன் பதினோராவது வருடத்தில் இருந்தான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறியன் எரிவாயு உருளை உயரம்தான் இருந்தது. அதற்குள் இதுவரை நடந்த எல்லாத் தணிக்கைகளின் அறிக்கைகளையும் புகட்டியிருந்தார்கள். அதன் படிப்பு அவ்வளவும் அதுதான். யாரையும் கேட்காமல் உருண்டு போய் லிஃப்டில் ஏறியது. கீழே கட்டில்களைப் பார்த்தது. பொத்தான் பூட்டாத பத்து வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்தது.

"இவர்கள் யார்?"

ஆராய்ச்சி மாணவியர் என்றார் தனுஷ்கோடி.

"பத்துப் பேருக்கும் ஒரே ஆய்வுப்பொருளா?"

"கிட்டத்தட்ட" என்றார் அவர்.

பொறியன் தன் கதிரளவியைக் கலத்தின் மேல் நீட்டியது. சத்தமே இல்லை. முள் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது. பிறகு பதிவேட்டைப் புரட்டியது. எட்டாயிரத்துச் சொச்சம் வரிகளையும் படிக்க அதற்கு மூன்று வினாடி ஆனது. வடிவுக்கு அந்த மூன்று வினாடியில் விடைத்தாள் மூட்டைகள் லிஃப்டில் இறங்குவது கண்ணில் தெரிந்தது.

"பதிவேட்டின்படி இந்த மூலம் முழு வீரியத்துடன் உள்ளது. என் அளவி பூச்சியம் காட்டுகிறது" என்றது பொறியன். "எட்டாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது கையொப்பங்கள் பிழையாக இருக்க இயலாது. எனவே அளவி பழுது. இவர்கள் அனைவரும் உடனே மேலே செல்ல வேண்டும். அறைக்கு முத்திரை வைக்கப்படும்."

வடிவு எதிர்பார்த்துப் பயந்தது வேறு. மூலம் செத்தது என்று கண்டுபிடித்து அறையைப் பிடுங்குவார்கள் என்றுதான் பயந்தாள். அது உயிரோடு இருக்கிறது என்று நம்பிப் பிடுங்குவார்கள் என்று தோன்றவில்லை.

செல்லக்கனி கட்டிலில் இருந்து அசையவில்லை. கட்டைவிரலைப் பொறியனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏ தம்பி, இங்க பாரு. மேல போனா இது செவக்கும், கீழ கெடந்தா இப்படியே கெடக்கும். இத விட ஒனக்கு என்னப்பா சாட்சி வேணும்?"

நகமும் பழுது என்றது பொறியன்.

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் காது அதற்குள் சிவந்திருந்தது. அளவி பழுதா இல்லையா என்று மேலே வந்து ஒருதரம் பார்த்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னாள். பழுதை உறுதி செய்ய விதியில் இடம் இருந்ததால் பொறியன் சம்மதித்தது.

குவிமாடத்துக்கு வந்து லிஃப்டின் கதவு திறந்ததுமே அளவி தாளிப்பில் போட்ட கடுகாய்ப் பொரிய ஆரம்பித்தது. பொறியன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது.

"மூலம் உள்ள இடத்தில் ஒன்றுமில்லை என்கிறது. மூலம் இல்லாத இடத்தில் கத்துகிறது. அளவி தலைகீழாகப் பழுதாகியுள்ளது."

"இங்க மூலம் இல்லன்னு யார் சொன்னா?" என்றாள் வடிவு.

"பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் மூலம் இல்லை."

வடிவு தன் அலுவலக அறைக்குப் போய் அலமாரியிலிருந்து புதுப் பதிவேடு ஒன்றையும் துறை முத்திரையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முதல் பக்கத்தில் கோடு போட்டாள். மூலத்தின் பெயர்: வானம். இருப்பிடம்: மேலே. வந்து சேர்ந்த நாள் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. 'நமக்கு முன்பே' என்று எழுதினாள். வீரியம் என்ற இடத்தில், பொரிந்துகொண்டிருந்த அளவியைப் பார்த்து அதன் எண்ணை அப்படியே எழுதினாள். பொறுப்பாளர் சங்கரவடிவு என்று கையெழுத்துப் போட்டு, துறை முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

முத்திரை விழுந்த சத்தத்திலேயே பொறியனின் கண்விளக்கு நிறம் மாறியது.

"இந்த மூலம் பூட்டப்படவில்லை" என்றது. "சுற்றிலும் ஈயம் இல்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை. எத்தனை காலமாக இப்படி?"

"நாங்க வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார் தனுஷ்கோடி.

பொறியன் நான்கு வினாடி அசையாமல் நின்றது. அதற்கு அது நீண்ட நேரம். பதிவேடு வந்துவிட்டதால் மேலே அளவி சொல்வது சரி. ஒரே அளவி மேலே சரியாகவும் கீழே தவறாகவும் இருக்க முடியாது. ஆனால் கீழே சரி என்றால் எட்டாயிரத்துச் சொச்சம் கையொப்பமும், தான் படித்த படிப்பு முழுவதும் தவறு. அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவர ஒரு வழி அதற்குக் கிடைத்தது.

"கீழேயுள்ள மூலம் மேற்படி. அளவு பூச்சியம் என்பது காப்பின் சிறப்பைக் காட்டுகிறது. பாராட்டுகள்" என்றது. "மேலேயுள்ள மூலத்தைப் பூட்ட இயலாது. எனவே விதி முப்பத்தொன்றின்படி மக்களை அதனிடமிருந்து பூட்டி வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் உடனே கீழே செல்லட்டும். கட்டில்களை முப்பதாக்குக."

கோபால்ட்டின் பதிவேட்டில் தன் மெல்லிய இரும்பு விரலால், அச்சடித்த மாதிரி 'மேற்படி' என்று எழுதிவிட்டுப் போனது. போகும்போது எச்சரிக்கைப் பலகை ஒன்றுக்கும் உத்தரவிட்டது. அடுத்த மாதம் குவிமாடத்துப் பூங்காவின் நடுவில், வானத்தைக் காட்டும் அம்புக்குறியோடு 'அபாயம்' என்று ஒரு பலகை நட்டார்கள். உயரம் தோதாக இருந்ததால் பக்கத்து வீட்டார் அதில் துணி காயப்போட்டார்கள்.

வானத்தின் பதிவேட்டை வடிவு ஆசையாகத்தான் எழுதினாள். திங்கட்கிழமைதோறும் துறையின் அளவியால் அவளே அளந்தாள். கோபால்ட் மாதிரி இல்லை வானம். சூரியன் சீறினால் கூடும், அடங்கினால் குறையும். ஒரு வாரம் இருந்த எண் மறுவாரம் இருக்காது. பதினெட்டு வாரத்துக்குப் பதினெட்டு எண்கள். அவற்றைப் பார்த்தால் அவளுக்குத் தன் கையெழுத்தே அழகாகிவிட்டதாகத் தோன்றியது.

பத்தாம் மாதம் செல்லக்கனிக்குப் பெண் பிறந்தது. தாயின் நகம் மஞ்சளோடு நின்றுவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பிள்ளையைக் காட்ட வடிவின் அலுவலகத்துக்கு வந்தாள். கண்ணாடிக் கூரை வழியாக இளஞ்சிவப்பு வெயில் மேசைமேல் விழுந்தது. வெளிச்சம் இதமாக இருக்கிறது என்று பிள்ளையை அங்கேயே துணி விரித்துப் படுக்கவைத்தாள்.

பதிவேடு திறந்திருந்தது. வடிவு அளவியைப் போட்டாள். அது என்றைக்கும் இல்லாமல் படபடவென்று வெடித்தது. பிள்ளை தூக்கிவாரிப்போட்டு அழத் தொடங்கியது.

"ஏட்டி, அந்த எழவ மொதல்ல அமத்து. இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றாள் செல்லக்கனி.

வடிவு அவசரமாக அளவியை அணைத்தாள். இருவரும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை விசும்பி, கொட்டாவி விட்டு, வெயிலில் கைகளை விரித்துத் தூங்கிப்போனது. அறை அமைதியானது.

வடிவு பேனாவை எடுத்தாள். அளவியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். மேலே போன வார எண் இருந்தது. ஒரு வாரத்தில் வானம் எங்கே போய்விடும்?

'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.