உடம்பெல்லாம் வெளிச்சம்!

அவளுடைய செல்போன் அலறியது.

கான்சரைப் படம் பிடித்துக் காட்டும் பெட் ஸ்கேன் மெஷினின் டெக்னீஷியன் அவள். திரையில் தங்கையின் நம்பர்.

"சொல்லுடி... வேலையா இருக்கேன்."

"அக்கா..."

விசும்பல். பிறகு ஓர் ஆண் குரல்.

"தங்கச்சி உங்க வீட்டு சோஃபாவுலதான் இருக்கா. கழுத்துல கத்தி. மத்தபடி சௌக்கியம்!"



"யா... யாரு நீங்க?"

"ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்கியே, ஜெயில்லேருந்து வந்த ஆணி அண்ணன்... அவரோட ஆளு. கான்சர் உடம்பெல்லாம் பரவிடுச்சுன்னு படம் வரணும். வந்தா அவருக்கு ஜாமீன். வரலேன்னா..."

"ஐயோ, வேணாம்!"

"இயர்போனை மாட்டிக்க. லைனைக் கட் பண்ணாத. நீ பேசற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேக்கணும்!"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். கூடவே நாலு போலீஸ்காரர்கள்.

கூப்பிடு தூரம்தான். கூப்பிட வாய்தான் இல்லை!

ஆணி மெஷினில் படுத்தான். இரண்டு கொலை செய்தவன். அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

உடம்பில் ஏற்றிய மருந்தின் கதிரியக்கம் நிமிடத்துக்கு நிமிடம் தேயும். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் பாதியாகிவிடும். ஊசி போட்ட நேரத்தைக் கொடுத்தால், மிச்சம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அந்த மிச்சத்தை வைத்துத்தான் உடம்பின் வெளிச்சத்தை எடைபோடும்; மிச்சம் குறைவென்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும்.

அவள் ஊசி போட்ட நேரத்தை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக மாற்றினாள்.

இருப்பதில் பாதி மருந்துதான் மிச்சம் என்று கம்ப்யூட்டர் ஏமாந்தது. படத்தில் எல்லாமே இரண்டு மடங்காக மின்னின!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் படத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இன்ஸ்பெக்டர், இவனை எப்ப கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒன்பதரைக்கு."

"எட்டு மணிக்கே ஊசி போட்டதா இருக்கே!"

"எட்டு மணிக்கு ஜெயில் கேட்டே தாண்டலையே டாக்டர்!"

"கான்சர் பரவினா அங்கங்கதான் மின்னும். இவனுக்குக் கல்லீரல், ரத்தம், தசை... எல்லாம் ஒரே சீரா ரெண்டு மடங்கு. பரவினது நோய் இல்ல. நேரம்தான் தப்பு!"

"கவனக்குறைவா?"

"அவளா? அங்க பாருங்க."

கண்ணாடிக்கு அப்பால் அவள். காதில் இயர்போன். கன்னத்தில் கண்ணீர்.

"மெஷின் ரூமுக்குள்ள போனே கொண்டு போகாத பொண்ணு. யாரோ மிரட்டறாங்க. வீட்ல தங்கச்சி தனியா இருப்பா..."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸோடு படிக்கட்டுக்கு ஓடினார்.

டாக்டர் அவளிடம் வந்தார். சத்தமாகச் சொன்னார்.

"அடப்பாவமே! உடம்பெல்லாம் பரவிடுச்சேம்மா! இனிமே இவனை ஜெயில்ல வெச்சிருக்க முடியாது!"

அவள் டாக்டரையே வெறித்தாள். இந்த மனுஷனுக்குப் புரியவே இல்லையா?

காதில் சிரிப்பு. "சபாஷ்! ஜாமீன் கைக்கு வர்ற வரைக்கும் தங்கச்சி எங்ககூடவே இருக்கட்டும்!"

"டாக்டர்... நல்லா பாருங்க... கல்லீரல்..."

"ஏய்! என்ன சொன்னே?" காதில் உறுமல்.

"ஆமாம்மா, கல்லீரல்லயும் பரவியிருக்கு!" என்றார் டாக்டர்.

போச்சு. எல்லாம் போச்சு!

அவள் கண்களை மூடிக்கொண்டாள். நிமிடங்கள் ஊர்ந்தன.

திடீரென்று...

டமார்!

கதவு உடைபடும் சத்தம். ஓர் அலறல். பிறகு...

"அக்கா! போலீஸ் வந்துட்டாங்கக்கா! எனக்கு ஒண்ணும் ஆகலை!"

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"எழுந்திரும்மா. நேரத்தைச் சரி பண்ணு."

"டாக்டர்... அப்ப உங்களுக்கு..."

"புரியாமயா தொண்டை கிழியக் கத்தினேன்?"

சரியான நேரத்தைக் கொடுத்தாள். கல்லீரல் மங்கியது. ரத்தம், தசை எல்லாம் அடங்கின.

ஒரே ஒரு புள்ளி மட்டும் அடங்கவில்லை!

டாக்டர் அதையே உற்றுப் பார்த்தார்.

ஆணி விலங்கோடு வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன டாக்டர்... பரவிடுச்சா?"

"பரவலை. ஆனா வந்திருக்கு. நுரையீரல்ல."

சிரிப்பு செத்தது.

"டா... டாக்டர்! நான் சும்மா நடிச்சேன்!"

"நீ நடிச்சே. அது நடிக்கலை. ஆரம்ப நிலைதான். உடனே ஆபரேஷன் பண்ணினா ரொம்ப நாள் இருப்பே."

திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

"ஜாமீன்தானேடா கேட்டே? பாரு... ஆயுளே கிடைச்சிருக்கு!"