தங்கச்சி பேச்சு

வீடியோக் கோப்பு காணவில்லை என்று எடிட்டிங் மென்பொருள் காட்டும் சிவப்புத் திரைக்குச் சத்தம் இருக்கக் கூடாது. இதற்கு இருந்தது. ஒலி அளவைக் காட்டும் பச்சைப் பட்டை, யாரோ பேசத் தொடங்குமுன் மூச்சை இழுப்பதுபோல மெல்ல ஏறி, நின்று, இறங்கியது. ஸ்பீக்கரில் எதுவும் கேட்கவில்லை. பதினாறு வருடமாக எடிட்டிங் மேசையிலேயே உட்கார்ந்து நாற்காலியின் வடிவத்துக்கு வந்துவிட்டவன் அவன், இப்படியொன்றைப் பார்த்ததில்லை. பயந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்று முடிவு செய்து, ஆறிப்போன டீயைக் குடித்தான்.

தங்கை இறந்த இந்தப் பதினோரு மாதமும் அவனுக்கு எல்லாம் இப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது மனசு. கடித்துக்கொண்டாலும் தெரிவதில்லை.

அம்மா மூன்று நாளுக்கு முன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ பேசுனத ஒரு தடவ கேக்கணும்டா. மொகம் ஞாபகம் இருக்கு. குரல்தான் போய்ட்டே இருக்கு."

தங்கை பேசியது ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு அவன் செய்த வீடியோவின் கடைசியில், பன்னிரண்டு விநாடி. முடித்த வீடியோவை இடம் போதவில்லை என்று அவனே அழித்திருந்தான். வாடிக்கையாளர்களிடம் எதையும் மூன்று பிரதி வையுங்கள் என்று பிரசங்கம் செய்கிறவன், சொந்த வீட்டு வீடியோவுக்கு அரைப் பிரதிகூட வைக்கவில்லை. எடிட் செய்த ப்ராஜெக்ட் மட்டும் மிச்சம். அதில் படங்கள் இருக்காது, படங்கள் இருக்கும் இடத்தின் விலாசங்கள்தான் இருக்கும். டிஸ்க் மாறியதால் விலாசம் எல்லாம் பொய்யாகி, அறுபத்தொரு கோப்புகளும் சிவப்பாகிவிட்டன. அது பெரிய வேலையில்லை. ஒன்றுக்குப் புது இடத்தைக் காட்டினால் மற்றவை வாத்துக்கூட்டம்போல் பின்னாலேயே வந்துவிடும். அறுபது வந்தன.

வராத ஒன்றின் பெயர், 'தங்கச்சி பேச்சு'. அவசரத்தில் டெஸ்க்டாப்பில் போட்டது. போன மழைக்காலத்தில் கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்கியபோது அதுவும் துடைபட்டுப் போயிருக்கிறது. இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. அவனுக்குத் தெரியும்.

"மூணு நாளா அந்த மெஷினோடதான் குடும்பம் நடத்துறீங்க," என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "சோறும் அதுவே போடும்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

வந்துவிடுகிறேன் என்றான். பன்னிரண்டு விநாடிச் சிவப்பை வெட்டி எறிந்தால் வேலை முடிந்தது. மவுஸ்மேல் இருந்த விரல் அசையவில்லை. வெட்டுவது அவன் தொழில். ஊரார் வீட்டு மாமாக்களையும் சித்தப்பாக்களையும் இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளியிருக்கிறான். இதை முடியவில்லை. எடிட்டர்கள் செய்யும் பழைய தந்திரத்தைச் செய்தான். வேறு ஏதாவது படத்துக்குக் காணாமல்போனதன் பெயரை வைத்தால், மென்பொருள் நம்பிவிடும். இடம் காலியாக இராது. அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

காலையில் மனைவி துணி மடிப்பதைப் போனில் எடுத்திருந்தான். படம் எடுக்காதீர்கள், தலைகூடச் சீவவில்லை என்று அவள் திட்டிக்கொண்டே சிரிக்கும் படம். பிரதி எடுக்கச் சோம்பல்பட்டு, அதையே கம்ப்யூட்டருக்கு மாற்றினான். பழைய பெயரைப் பார்க்காமலே அழித்துவிட்டு எழுதினான். தங்கச்சி பேச்சு.

சிவப்பு மறைந்தது.

ஓட்டிப் பார்த்தான். துணி மடிக்கும் கைகள் வந்தன. சன்னல் வெளிச்சம், அவர்கள் வீட்டுக் கட்டில், மனைவி காலையில் போட்டிருந்த நீல நைட்டி. முகம் நிமிர்ந்தது. தங்கை. கடைசி மாதங்களில் இருந்ததுபோல ஒட்டிய கன்னம், ஒட்ட வெட்டிய முடி. இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததே அவள் போனபிறகுதான். அவள் காமிராவைப் பார்த்து, மூச்சை இழுத்துக்கொண்டு, சிரித்தாள். பன்னிரண்டு விநாடி முடிந்தது.

அவன் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். அழுகை வரவில்லை. வியர்வையும் வரவில்லை. குரல் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற தொழில் நினைப்புதான் முதலில் வந்தது. அந்த நினைப்புக்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் தினமும் கேட்பதுதான் என்றாலும் அதன் வேகம் குறைந்து, ஒரு தட்டைக் கழுவிவிட்டு இளைப்பாறி அடுத்ததை எடுப்பதுபோல, நடுநடுவே நீண்ட மௌனம் விழுந்தது. தங்கை கடைசி மாதங்களில் ஓயாமல் தடவிக்கொண்டிருந்த தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. மனைவிக்குத் தைல வாசனையே ஆகாது.

"சாப்பிட வரியா?"

வரீங்களா என்றில்லை. வரியா.

கோபத்தில் இருக்கிறாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். எட்டு வருடத்தில் எந்தக் கோபத்திலும் அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை. பன்மையிலேயே கிழிப்பவள்.

போனை எடுத்தான். கல்யாணப் படங்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். சுற்றுலாப் படங்கள், சாம்பல். அவன் மட்டும் நிற்கும் படங்கள் பத்திரமாக இருந்தன, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.

பெயரை மாற்றியதால் வந்தது. பெயரை மாற்றினால் போய்விடும். கோப்பைத் தேர்ந்தெடுத்து, பெயர்ப் பெட்டியைத் திறந்தான். பழைய பெயர் தெரியாது, படத்தில் இருந்தவள் மனைவி, அவள் பெயரை எழுதினால் போதும்.

விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன.

முதலெழுத்து வரவில்லை. நான்கெழுத்தா, ஐந்தா. தினமும் கூப்பிடுகிற பெயர். போனில் அவள் எண்ணைத் தேடினான். கல்யாணமான புதிதில் வேடிக்கைக்காக 'மேலிடம்' என்று பதிந்திருந்தான். இத்தனை வருடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அழைத்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

குழாய் நின்றது.

ஈரக்கால்கள். ஹாலில். கதவருகில்.

அவன் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனைவி சிரிப்பதை நினைத்தான். சிரிப்பு இருந்தது. முகம் இருந்தது. முகமும் போய்க்கொண்டிருந்தது. பெயர். பெயர் மட்டும் போதும்.

"அண்ணா," என்றது பின்னாலிருந்து. "அம்மாவுக்குப் போன் பண்ணு. நான் பேசுறேன்."

தைல வாசனை தோளுக்கு மேலாகக் குனிந்தது. ஈரமான மெலிந்த கை ஒன்று அவனைத் தாண்டி நீண்டது. அதன் விரலில் அவன் மனைவிக்குப் போட்ட மோதிரம், பெரிதாகி, கணுவரை நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டு எண்டரைத் தட்டினால் இருக்கிற பெயரே நிலைக்கும். அது அவனுக்குத் தெரியும்.

அந்த விரல் எண்டரைத் தட்டியது.