நீலக் கேபிளின் அந்தப் பக்கம்

காலைக் காப்பி ஆறுவதற்குள் வழக்கு வந்து கதவைத் தட்டியது. வந்தவள் பக்கத்துத் தெரு போட்டோக்கார அக்கா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வாய் மட்டும் சளைக்கவில்லை.

"சார், என் தம்பியே என் தலையில கல்லைப் போட்டுட்டான்!"

வீட்டுக்காரர் நாற்காலியைக் காட்டினார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீடே பற்றிக்கொண்டாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் ஊரே அவரை 'நிதானம்' என்றுதான் அழைத்தது. அவர் மனைவியின் தம்பி நேர் எதிர். வங்கிக்கு விடுமுறை என்றால் மனிதர் அத்தான் வீட்டில்தான் இருப்பார். துப்பு என்று காதில் விழுந்தால் கால் தரையில் நிற்காது.

"திருட்டா? எப்போ? யாரு மேல சந்தேகம்?" என்று மச்சான் பாய்ந்தார்.

"இரட்டைக் குழந்தைங்களோட பிறந்தநாள் படம். இன்னைக்கு சாயந்திரம் குடுத்தாகணும். உள் ரூம் கம்ப்யூட்டர்ல நான் ஏத்துவேன், முன் ரூம் கம்ப்யூட்டர்ல தம்பி திருத்துவான். முன்னாடியெல்லாம் பென் டிரைவ்ல குடுப்பேன். போன வாரம் அவன்தான் ரெண்டுக்கும் நடுவுல ஒரு பழைய கேபிளை இழுத்தான். முந்தாநாள் அவன் திரையில எல்லாப் படமும் ஜம்முனு திறந்துச்சு, என் கண்ணால பார்த்தேன். எப்பவும் போல என் பக்கத்தைச் சுத்தம் பண்ணிட்டுப் போய்ப் படுத்தேன். நேத்து காலையில அவன் ஃபோல்டர் காலி!"

"கேமரா கார்டு?" என்றார் நிதானம்.

"அதையும் அழிச்சு அடுத்த வேலைக்கு எடுத்துட்டேன். எதிர்த்த ஸ்டூடியோவுல அவன் நின்னதைப் பார்த்தவங்க இருக்காங்க. திருடான்னு சொல்லிட்டேன் சார். அதோட பேச்சு நின்னுபோச்சு. மூணு மணி பஸ்ஸுக்குப் பையைக் கட்டி வச்சிருக்கான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படம் போனாப் போகட்டும். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவன் செஞ்சானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

நிதானம் காப்பியை முடித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கப்புறம் உங்க கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"வயித்தெரிச்சல்ல சுவிட்சை அணைச்சவதான். அந்த ரூம் பக்கமே போகல."

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஏன் என்று மச்சானுக்கு விளங்கவில்லை. கேட்டால் மரியாதை போய்விடும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்டூடியோவில் மேகம் வரைந்த திரைக்கு முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் கட்டிய பை. இரு அறைகளுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதற்குப் பக்கத்திலிருந்த கதவின் இடுக்கு வழியாக நீலக் கேபிள் உள்ளே போனது. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"பையே சாட்சி, அத்தான்" என்று மச்சான் கிசுகிசுத்தார்.

நிதானம் குனிந்து கேபிளின் இரு முனைகளையும் பார்த்தார். உள்ளறை முனை பழுப்பேறியிருந்தது. முன்னறை முனை பளிச்சென்று புதிதாக இருந்தது.

"எதிர்த்த ஸ்டூடியோவுக்கு எதுக்குப் போனே? உண்மையைச் சொல்லு!" என்று மச்சான் அதட்டினார்.

"இந்த முனையில கேபிளைப் பிடிச்சு வைக்கிற ஊக்கு உடைஞ்சிருந்துச்சு சார். பெருக்குறப்போ விளக்குமாறு பட்டாலே கேபிள் கழண்டுடும், திரையில படமெல்லாம் மறைஞ்சுடும். மறுபடி சொருகினா வந்துடும். புது முனை மாட்டுற இடுக்கி அவங்ககிட்டதான் இருக்கு. கேட்டு வாங்கினேன். அது குத்தமா?"

"இதை அக்காகிட்ட சொன்னீங்களா?" என்றார் நிதானம்.

"யாரு கேட்டா?"

நிதானம் அக்காவைத் தம்பியின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"தம்பி, அந்த ஜன்னல்ல பாருங்க. என்ன தெரியுது?"

"அக்காவோட நாற்காலி."

"அது இந்த ரூமுக்கு வந்துடுச்சா?"

"அது எப்படி வரும்? அங்கதான் இருக்கு."

"கேபிள் கழண்டா படம் மறையுது, சொருகினா வருது. அப்போ படம் எங்க இருந்துச்சு?"

தம்பி சட்டென்று அக்காவைப் பார்த்தான். "அவ கம்ப்யூட்டர்லதான். என்னோடது பழசு, இடம் பத்தாது. அங்க இருந்தபடியேதான் திருத்தினேன்... அக்கா, உன் பக்கத்துல இருந்ததை அழிச்சியா?"

"பென் டிரைவ்ல குடுத்தா உன்கிட்ட ஏறிடும், என்னோடதை எடுத்துடுவேன். அதே மாதிரிதான்..." அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருடன் யாரும் இல்ல" என்றார் நிதானம். "இவங்க அழிச்சது தம்பிக்குத் தெரியாது. படம் இங்க வரவே இல்லைங்கிறது இவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ரெண்டும் ஒழுங்காப் பேசிக்கிச்சு. நீங்க ரெண்டு பேரும்தான் பேசல."

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புத்தியில இடி விழ. உன்னைப் போய் அந்த வார்த்தை சொல்லிட்டேனே!"

"விடுக்கா" என்றான் அவன். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"ஆனா படம் போனது போனதுதானே அத்தான்?" என்றார் மச்சான், வருத்தமாக.

"அழிக்கிறப்போ கம்ப்யூட்டர் பெயர்ப்பலகையைத்தான் கழட்டும் மாப்ளே, வீட்டை இடிக்காது. காலி வீட்டுக்குப் புதுசா யாரும் குடி வராதவரைக்கும் பழைய ஆள் உள்ளதான் இருப்பார். இந்தம்மா கோபத்துல கம்ப்யூட்டரையே தொடல. அந்தக் கோபம்தான் காப்பாத்தியிருக்கு."

காலையில் அவர் முகம் மலர்ந்ததற்குக் காரணம் மச்சானுக்கு இப்போதுதான் பிடிபட்டது. "நானும் அப்பவே நினைச்சேன்" என்றார்.

தம்பி அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து படம் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டினான். அழிந்ததைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டு, கிடைத்ததையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் சேர்த்தான். நேரம் ஆனது, யாரும் நகரவில்லை. முதலில் ஒரு பாதிப் படம் வந்தது. பிறகு கேக்கில் முகத்தைப் புதைத்த ஒரு குழந்தை, அதைப் பார்த்து அழுகிற இன்னொன்று. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். மூணு மணி பஸ் போய்விட்டது. பையை அக்கா எப்போது பிரித்தாள் என்று தெரியவில்லை. தம்பியின் சட்டைகள் பழையபடி ஆணியில் தொங்கின.

டிஸ்க்கை உள்ளறைக் கம்ப்யூட்டரில் திரும்ப மாட்டி, படங்களையெல்லாம் அதில் மறுபடி ஏற்றினார்கள். நிதானமும் மச்சானும் படியிறங்கும்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"டேய், எல்லாம் தெரியுதாடா?"

"தெரியுதுக்கா. ஆனா இன்னும் உன்கிட்டதான் இருக்கு. அழிச்சுடாதே!"