கரடித்துறைத் தழும்புகள்

பெண்ணையாற்றின் மீது தன் கடைசிச் செம்பொன்னையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்ட கதிரவன் மேற்குமலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே நாணற்காட்டுக்கு மேலே முழுமதி அவசரமில்லாமல் முகம் காட்டத் தொடங்கியிருந்தது. அக்கரையில் குன்றநாட்டுப் பாசறையின் தீப்பந்தங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. இக்கரையில் நெடுங்கல் கோட்டையின் மணிமண்டபத்தில் நாட்டின் பெரியோர் அனைவரும் கூடி, வயதான மனிதர் ஒருவரின் வெற்று மார்பை மிகுந்த பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்காதீர்கள், வாசகப் பெருமக்களே! அது அந்நாட்டின் தொன்மையான வழக்கம். அரசன் ஆண்வாரிசின்றி மாண்டால், தலைமைக்கு உரிமை கோருகிறவர் மேலாடையைக் களைந்து நிற்க வேண்டும். பாணன் ஒருவன் அவருடைய விழுப்புண்களை எண்ணி, ஒவ்வொன்றும் எந்தப் போரில் பட்டது என்று பாட வேண்டும். தழும்பு மிகுந்தவருக்கு இறந்த மன்னனின் வாள். அதை ஏந்தி நிலவொளியில் ஆற்றை நோக்கிச் சூளுரைத்துவிட்டால் அவரே தலைவர். மார்பின் மேலே இருப்பதை எண்ணினார்கள். கழுத்துக்கு மேலே இருப்பதை எண்ணுவதற்கு அந்நாட்டில் எந்தச் சடங்கும் இல்லை.

அன்று மார்பைக் காட்டி நின்றவர் பெரும்படைத் தலைவர் கொற்றமங்கல மாராயர். அவருடைய அனுபவத்தைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. பல்லாண்டுகளாக ஆற்றைக் கரடித்துறை வழியாகவே கடந்து, அங்கேயே அடிபட்டு, அங்கேயே பின்வாங்கியவர். சென்ற மாதம் நெடுங்கல் வேந்தர் மார்பில் வேல் வாங்கி மாண்டதும் அதே துறையில், மாராயரின் ஆலோசனைப்படிதான். மறுநாள் வைகறையிலும் கரடித்துறை வழியாகவே படை நடத்தப்போவதாக அவர் அறிவித்திருந்தார்.

வேந்தரின் ஒரே மகள் நல்லமங்கை வாளை மடியில் ஏந்தி அமர்ந்திருந்தாள். அவள் கண்கள் அடிக்கடி நாடிச் சென்ற இடத்தில் ஆற்றுக்காவல் தலைவன் சேந்தன் நக்கன் நின்றான். பல போர்களில் நின்றும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத அவலட்சணத்துக்காகச் சபையோரால் ஏளனம் செய்யப்பட்டவன்.

இளவரசியின் அருகிலேயே நின்று யாழை மீட்டிய பாணன் ஊருக்குப் புதியவன். ஆனால் மாராயரை அவனைப் போல் உருகிப் புகழ்ந்தவர் எவருமில்லை. கடைசித் தழும்புக்கு வந்ததும் அவன் குரல் தழுதழுத்தது. தாழம்புதரின் மறைவிலிருந்து பாய்ந்த வேல் வேந்தரை வீழ்த்திவிட்டு மாராயரின் தோளையும் கிழித்த விதத்தை, வேல் கிளம்பிய கணத்திலிருந்து, கண்முன் நிறுத்திப் பாடினான். சபை கண்ணீர் விட்டது.

சேந்தன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு, தன் முறை வந்தபோது, மேலாடையைக் களையாமலே வணங்கினான்.

"அடியேனிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, தேவி. வாளை மாராயருக்கே அளியுங்கள்."

அவனையே நம்பியிருந்த நல்லமங்கையின் முகம் வெளிறியது. ஆனால் அவன் பார்வை தன்னைத் தாண்டிப் பாணனின் யாழுறை மீது நிலைத்திருப்பதைக் கண்டவள், எழுந்து மாராயரின் கையில் வாளைக் கொடுத்தாள். வாழ்த்தொலி முழங்கிற்று. அந்த ஆரவாரத்தில் பாணன் பரிசில்கூடக் கேளாமல் மறைந்தான்.

பரிசில் கேளாத பாணனை எங்கேனும் கண்டதுண்டா, வாசகர்களே?

சூளுரைக்க எல்லோரும் கொத்தளத்துக்கு ஏறியபோது, நிலவு தெளித்த நீரில் ஒரு பரிசல் அக்கரை நோக்கி விரைந்துகொண்டிருந்தது.

"தாழம்புதர் அக்கரையில் இருக்கிறது, தேவி" என்றான் சேந்தன் தாழ்ந்த குரலில். "அங்கிருந்து வேல் கிளம்பியதை நம்மவர் எவரும் பார்க்கவில்லை. எறிந்தவன்தான் பார்த்திருப்பான். யாழுறைக்குள் ஆயுதத்தோடு தங்கள் அருகில் நின்றவனை அங்கேயே மடக்க எனக்குத் துணிவு வரவில்லை; ஐயப்படாமல் வெளியேறட்டும் என்றே வாளை மாராயருக்குக் கொடுக்கச் சொன்னேன். இப்போது வில்லுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறான்."

நல்லமங்கை காவலனின் வில்லைப் பறித்து அம்பைத் தொடுத்தாள். தந்தையின் மார்பைப் பிளந்தவன் நிலவொளியில் முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தான். நாண் காதுவரை வந்தது.

பிறகு மெல்லத் தளர்ந்தது.

"எய்யுங்கள், தேவி" என்றான் சேந்தன்.

"வேண்டாம். மாராயர் தலைவரானார், நாளை கரடித்துறைக்கு வருகிறார் என்று அவன் போய்ச் சொல்லட்டும். பகைவர் அத்தனை பேரும் அங்கே வந்து காத்திருப்பார்கள். நீர் உம் படையோடு ஆற்றின் மேற்பக்கமுள்ள பனங்காட்டுத் துறையில் கடந்து, ஆளில்லாத பாசறையைப் பிடித்துக்கொள்ளும்."

சேந்தன் ஆற்றின் மேற்பக்கம் திரும்பிப் பார்த்தான். மாராயர் ஓரடி முன்னே வந்தார்.

"அப்படியானால் எனக்கு என்ன வேலை, அம்மணி?"

"கரடித்துறையில் முரசறைந்து நில்லுங்கள், மாமா. வேறு எவர் நின்றாலும் அவர்கள் நம்பமாட்டார்கள். அந்த விஷயத்தில் தங்களுக்கு நிகரான அனுபவசாலி இந்நாட்டில் இல்லை."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மாராயர் தம் மார்பைக் குனிந்து பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், அம்பு இன்னும் பூட்டியிருந்த வில்லோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். இன்னும் சூளுரைக்கப்படாத வாளை இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

"தழும்பில்லாதவருக்கு வாள் கொடுக்கும் வழக்கம் இல்லையே" என்று முனகினார் ஒரு பெரியவர்.

"அந்த அம்பை எய்யாமல் நின்றாரே, அப்போது அவர் நெஞ்சில் பட்டதைவிட ஆழமான புண் எனக்கு எங்கும் பட்டதில்லை ஐயா" என்றார் மாராயர். அவர் வாழ்நாளிலேயே சபையில் பேசிய மிகச் சிறிய உரை அதுதான்.

நல்லமங்கை வாளை வாங்கி ஆற்றை நோக்கி உயர்த்தினாள். பரிசல் அக்கரையைத் தொட்டுவிட்டிருந்தது.

"நாட்டைக் காக்க எந்தைக்காகப் பழிவாங்குவதையும் பொறுத்துவைப்பேன். என் கோபத்துக்காக ஓர் உயிரையும் இந்த ஆற்றில் பலியிடமாட்டேன். பெண்ணையின் மீது ஆணை."

சேந்தன் நக்கன் அவள் காலடியில் மண்டியிட்டுத் தன் வாளை வைத்தான். "நாளை ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வருவேன். இது என் சூள், தேவி."

"வாரும்" என்றாள் அவள், எல்லோர் காதிலும் விழும்படி. "அதன் பிறகு உம்மிடம் தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது."